பொங்கல் லீவு நாலு நாள்: டெல்லியா, ஹம்பியா, ஹைதராபாத்தா?

இந்த தடவ பொங்கல் வியாழக்கிழமை வருது, வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல், ஞாயிறு எப்படியும் லீவு, ஆக ஆபீஸ்ல ஒரு லீவு கூட எழுதிக் கொடுக்காம நாலு நாள் கைக்கு வந்துருச்சு. ஊர் ஊருன்னு எங்களுக்கு பெருசா சொந்த ஊர் கிடையாது, குரோம்பேட்டை தான் ஊரு, அதனால எங்கயாவது நல்ல பழைய ஊரா பார்த்து போயிட்டு வரலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காயறதுக்குள்ள பேச ஆரம்பிச்சோம், நாலு பேருக்கு நாலு ஊரு வந்துச்சு.

வீட்டுக்காரர் டெல்லின்னாரு. எட்டாவது படிக்கிற பையன் ஹம்பி. நான் ஹைதராபாத். அத்தை மட்டும் வெத்தலைய மடிச்சுக்கிட்டே காசின்னாங்க, அப்புறம் அவங்களே வேணாம்னுட்டாங்க. காசிக்கு போனா ராமேஸ்வரத்துல இருந்து மண்ணு எடுத்துட்டுப் போகணும், மாமாவுக்கு செய்ய வேண்டியத செய்யணும், அதெல்லாம் நீங்க செல்ஃபி எடுக்கற அவசரத்துல ஆகாது, நான் தனியா ஒரு குரூப்போட போய்க்கறேன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னது சரிதான், நாலு நாள்ல காசிய தொட்டுட்டு வர்றது காசிக்கும் மரியாதை இல்ல. ஆக மூணு ஊரு மிச்சம்.

ஒரு கண்டிஷன் முதல்லயே பேசிட்டோம். வியாழக்கிழமை காலைல வீட்ல பால் பொங்கி, சாமி கும்பிட்டு, சாப்பிட்டுட்டு தான் கதவ பூட்டணும், பொங்கலன்னிக்கு அடுப்பு பத்த வைக்காத வீடா இருக்கக் கூடாதுன்னு அத்தை கறாரா சொல்லிட்டாங்க. திரும்பி வர்றது திங்கக்கிழமை காலைல, பையன் ஸ்கூலுக்கும் நாங்க ஆபீசுக்கும் போற மாதிரி. இந்த ரெண்டு முனைக்கு நடுவுல எந்த ஊரு உக்காருதுன்னு பார்க்கணும், ஊரோட பெருமை எல்லாம் அப்புறம். இன்னொன்னு அத்தையோட முட்டி. நடப்பாங்க, ஆனா படின்னா யோசிப்பாங்க, அதையும் வெளிய சொல்ல மாட்டாங்க.

பையன் ஹம்பிக்கு சொன்ன வாதம் கேட்டா சிரிப்பீங்க. பர்ஸ்ல இருந்து ஒரு அம்பது ரூபா நோட்ட எடுத்து பின்பக்கம் கல் ரதத்த காட்டி இது ஹம்பி, ஐநூறு ரூபாய எடுத்து இது செங்கோட்டை, அப்பா சொல்ற இடம் பத்து மடங்கு செலவு, போதுமான்னான். சரி ஹைதராபாத் எந்த நோட்டுலயும் இல்லையேன்னு என்ன பார்த்தான். நிஜாம் காலத்துல அவங்களே தனியா காசு அடிச்சாங்க, அதுல சார்மினார் இருந்துச்சுடா, நம்ம நோட்டுல எடம் கொடுக்கலன்னா அது அவங்க தப்பான்னு நானும் விடல.

டெல்லிய முதல்ல பார்த்துடலாம், ஏன்னா மூணுல பெரிய ஊரு அதுதான், பார்க்க வேண்டியதும் அங்கதான் ஜாஸ்தி. ரயில்னா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ராத்திரி சென்ட்ரல்ல ஏறினா மூணாம் நாள் காலைல தான் புது டெல்லி, கிட்டத்தட்ட 2,180 கிலோமீட்டர், போக வரவே லீவு கரைஞ்சு போயிடும். அதனால ஃபிளைட் மட்டும் தான். வியாழன் சாயங்காலம் கிளம்பினா ராத்திரி அங்க, வெள்ளி டெல்லி, சனி ஆக்ரா, ஞாயிறு மிச்ச டெல்லி, ராத்திரி ஃபிளைட். பேப்பர்ல எழுதினா அழகா தான் இருக்கு. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை லீவு, செங்கோட்டை திங்கக்கிழமை லீவு, ரெண்டுமே இந்த பிளான்ல இடிக்கல. அத்தை முட்டிக்கும் நான் நினைச்ச அளவுக்கு கஷ்டம் இல்ல, குதுப் மினார் 72 மீட்டருக்கு மேல உசரம்னாலும் 1981-ல உள்ள நெரிசல்ல புள்ளைங்க செத்ததுக்கு அப்புறம் யாரையும் மேல ஏற விடறதில்ல, கீழ நின்னு தான் பார்க்கணும், பக்கத்துலயே ஆயிரத்து அறுநூறு வருஷமா துருப்பிடிக்காத இரும்புத் தூண். மெட்ரோல லிஃப்ட் இருக்கு, ஏர்போர்ட்டுக்கே தனி லைன் இருக்கு. ஆர்.கே.புரத்துல மலை மந்திர்னு நம்ம சுவாமிநாத சுவாமி கோயில் வேற இருக்குன்னு வீட்டுக்காரர் நைசா ஒரு பிட்ட போட்டாரு, அத்தை கண்ணு ஒரு நிமிஷம் விரிஞ்சுது.

ஆனா மாசம் ஜனவரி. அங்க தான் எல்லாம் உடையுது. பொங்கல் சமயத்துல டெல்லி பனி மூட்டத்துல காலைல எதிர்ல இருக்கற ஆள் தெரியாது, ஃபிளைட் எப்ப இறங்கும் எப்ப ஏறும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆக்ராவுக்கு காலைல போற ரயிலும் அதே கதி, அவ்ளோ தூரம் போய் தாஜ்மகால் இருக்கற எடத்துல வெள்ளையா ஒரு புகைய பார்த்துட்டு வந்தவங்க எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. அதுக்கு மேல ஜனவரி 26 நெருங்க நெருங்க பரேட் ரிகர்சல், ரோட்ட அடைப்பாங்க, செங்கோட்டையவே கொஞ்ச நாள் மூடி வச்சிடுவாங்க. குளிர் வேற. மெட்ராஸ் மார்கழி குளிருக்கே மஃப்ளர் கட்டறவங்கள கூட்டிட்டு டெல்லி தை மாசத்துக்கு போறது கொடுமை, நாலு பேருக்கு ஸ்வெட்டர், ஷூ, சாக்ஸ்னு வாங்கறதே ஒரு தனி பட்ஜெட், திரும்பி வந்து அத எந்த பீரோல வைக்கறது. டெல்லிக்கு நல்ல மாசம்னா பிப்ரவரி கடைசி, மார்ச், இல்ல அக்டோபர். பிப்ரவரி மார்ச்ல இவனுக்கு பரீட்சை, மே மாசம் லீவுல போனா அங்க வெயில்ல வெந்து போயிடுவோம். அக்டோபர்ல தசரா லீவ விட்டா டெல்லிக்கு ஏத்த மாசம் நம்ம ஸ்கூல் காலண்டர்ல இல்லவே இல்லன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. வீட்டுக்காரர் சத்தமா ஒத்துக்கல, ஆனா அன்னிக்கு அப்புறம் ஃபிளைட் டிக்கெட் விலைய பார்க்கறத நிறுத்திட்டாரு. பொங்கல் லீவு விலை, நாலு பேருக்கு, அதுவும் ஒரு காரணம்னு நினைக்கறேன்.

ஹம்பி விஷயத்துல பையன் பக்கம் தான் என் மனசு, உண்மைய சொல்லணும்னா. மூணுல பார்த்தா வாய் பிளக்க வைக்கற எடம் அதுதான். டெல்லியும் ஹைதராபாத்தும் இன்னிக்கும் ஜனங்க வாழற ஊரு, பழசு நடுவுல புதுசு, புதுசு நடுவுல பழசு. ஹம்பி அப்படி இல்ல, 1336-ல ஆரம்பிச்ச விஜயநகரம், 1565-ல தலைக்கோட்டை போர்ல தோத்ததும் ராஜ்யத்தோட தலைநகர் அப்படியே காலி, பெருசா அங்க திரும்பி யாரும் ஊர் கட்டல, அதனால கடைவீதி, யானை கொட்டடி, குளம், கோயில்னு ஒரு தலைநகரமே கல்லா நிக்குது. யுனெஸ்கோ லிஸ்ட்ல 1986-லயே சேர்த்தாங்க, அந்த எல்லை மட்டும் 41 சதுர கிலோமீட்டருக்கு மேல. நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்த 1509-ல கட்டினது கிருஷ்ணதேவராயர் தான், அதே ராயரோட சொந்த ஊரு எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா ஹம்பிக்கு தான் போகணும். மதுரை நாயக்கர் தஞ்சாவூர் நாயக்கர் எல்லாம் அங்க இருந்து அனுப்பின வம்சம் தானே. எட்டாவது புஸ்தகத்துல அரை பக்கத்துல முடிஞ்சு போறத அங்க மூணு நாள் நடந்து பார்க்கலாம்.

ஜனவரியும் அதுக்கு சரியான மாசம், ஏப்ரல் மே-ல அந்த பாறைங்க நடுவுல நிக்க முடியாது. விட்டல கோயிலுக்கு எடுக்கற டிக்கெட்டே அன்னிக்கு தாமரை மகால் பக்கத்துக்கும் செல்லும், பதினஞ்சு வயசுக்கு கீழ டிக்கெட்டே இல்ல, விட்டல கோயிலுக்கு பார்க்கிங்ல இருந்து பேட்டரி வண்டி ஓடுது. விருபாட்சர் கோயில்ல இன்னும் பூஜை நடக்குது, அத்தைக்கு அது போதும். தங்கறதுக்கு ஹோஸ்பேட், அங்க இருந்து ஒரு 13 கிலோமீட்டர், ஆட்டோக்காரர் ஒருத்தர பிடிச்சா நாள் பூரா சுத்திக் காட்டுவாரு.

இடிக்கறது போற வழி. சென்னைல இருந்து பெங்களூர் போய், அங்க ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிச்சு காலைல ஹோஸ்பேட்ல இறங்கணும். பொங்கல் வச்சு சாப்பிட்டுட்டு மத்தியானம் சென்ட்ரல்ல லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடிச்சா ராத்திரி பெங்களூர் போய் சேரும், நடுவுல கைல இருக்கற நேரம் ரொம்ப கொஞ்சம், லால்பாக் அரை மணி முக்கா மணி லேட்டாச்சுன்னா பெங்களூர் பிளாட்ஃபார்ம்ல பையும் பண்டமுமா உக்கார வேண்டியது தான், அதுவும் அத்தைய ஒரு பிளாட்ஃபார்ம்ல இருந்து இன்னொரு பிளாட்ஃபார்முக்கு ஓட வைக்க முடியாது. அது கூட பரவால்ல, திரும்பறது தான் பிரச்சினை. ஞாயிறு ராத்திரி அங்க ஏறினா திங்கக்கிழமை காலைல பெங்களூர், அப்புறம் சென்னை வர மத்தியானம் ஆயிடும், ஆபீஸ்ல ஒரு லீவு, ஸ்கூல்ல ஒரு லீவு. கார்ல போனா ஒரு முழு பகல் ரோட்டுலயே, வீட்டுக்காரர் ஒருத்தர் தான் ஓட்டுவாரு. ரயில் டிக்கெட் ரெண்டு ரெண்டா நாலு பிஎன்ஆர், அதுல ஒன்னு வெயிட்டிங் லிஸ்ட் ஆனாலும் மொத்தமும் போச்சு.

வெயில்ல நடக்கற நடையையும் சேர்த்து பாருங்க. ஹம்பில படி கம்மி, ஆனா ஒரு எடத்துக்கும் இன்னொரு எடத்துக்கும் நடுவுல கல்லு கரடு, ஒரு கோயில்ல உள்ள போயி சுத்தி வரவே முக்கா மணி. அத்தை முதல் நாள் நல்லா பார்ப்பாங்க, ரெண்டாம் நாள் ஆட்டோவுலயே உக்காந்துக்கறேன் நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்வாங்க, எனக்கு அது தெரியும். மதங்க மலைல சூரிய உதயம் பார்க்கணும்னு பையன் சொன்னதுக்கு நான் ஒன்னும் சொல்லல.

இப்ப ஹைதராபாத். நான் ஒரு தடவ ஆபீஸ் வேலையா போயிருக்கேன், சார்மினார ஆட்டோவுல போற போக்குல பார்த்தேன், அவ்ளோதான், போட்டோல பார்த்தத விட சின்னதா இருக்கேன்னு தோணிச்சு, அதையும் இங்க சொல்லிடறேன், ஏன்னா நான் சொன்ன ஊருங்கறதுக்காக தூக்கிப் பேசக் கூடாதுல்ல. ஹம்பில வர்ற அந்த பிரமிப்பு இங்க வராது. ஊரும் பரந்து கெடக்கு, டிராஃபிக் நம்ம ஊர தோக்கடிக்கும்.

ஆனா போற வழிய பாருங்க. சார்மினார் எக்ஸ்பிரஸ் கிளம்பறதே தாம்பரத்துல இருந்து, எங்க வீட்ல இருந்து பத்து நிமிஷம், சாயங்காலம் ஏறினா காலைல ஹைதராபாத் நாம்பள்ளி ஸ்டேஷன். பொங்கல் வச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு கூட கிளம்பலாம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சங்கராந்திக்கு ஹைதராபாத்ல பாதி ஊரு காலி ஆயி ஆந்திரா பக்கம் போயிடும், அந்த கூட்டம் பண்டிகைக்கு முன்னாடி ஹைதராபாத்ல இருந்து வெளிய போகும், பண்டிகை முடிஞ்சு உள்ள வரும். நம்ம சென்னை கூட்டம் மொத்தமும் தெக்க போகும். நாங்க பொங்கல் அன்னிக்கே வடக்க போறோம், அன்னிக்கு ஆந்திராக்காரங்க இன்னும் ஊர்ல பண்டிகை சாப்பாடு சாப்பிட்டுட்டு இருப்பாங்க. ஞாயிறு சாயங்காலம் அங்க இருந்து திரும்பி வரும்போது கூட்டம் எதிர்ப்பக்கம் போயிட்டு இருக்கும். எந்த பண்டிகைக்கும் வெயிட்டிங் லிஸ்ட்ல கெடந்து பழகின எனக்கு இத கண்டுபிடிச்சப்ப வந்த சந்தோஷம் இருக்கே.

லீவு நாள் கணக்கு இங்க கொஞ்சம் உதைக்கும், இத பார்க்காம போனா ஏமாந்துருவீங்க. சாலார் ஜங் மியூசியம் வெள்ளிக்கிழமை லீவு, சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளி லீவு, நாங்க போய் இறங்கறதே வெள்ளி. சார்மினார் பக்கத்துல மக்கா மசூதி, வெள்ளி மத்தியானம் தொழுகை கூட்டம், அந்த நேரத்துல போய் நடுவுல நிக்கறது சரியில்ல. ஆக வெள்ளிக்கிழமை கோல்கொண்டா கோட்டை, அது எல்லா நாளும் திறந்திருக்கும். சனி காலைல சாலார் ஜங், பன்னெண்டு மணிக்குள்ள அந்த பாட்டு கடிகாரத்துக்கு முன்னாடி உக்காந்துடணும், ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டி பொம்மை வெளிய வந்து மணி அடிக்கும், பன்னெண்டுக்கு தான் ஜாஸ்தி அடி, கூட்டமும் அதுக்கு தான். முகத்திரை போட்ட ரெபெக்கான்னு ஒரு பளிங்கு சிலை, இத்தாலிக்காரர் பென்சோனி செஞ்சது, கல்லுல மெல்லிசு துணி மாதிரி செதுக்கி இருக்காராம், அத பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அப்புறம் சார்மினார், பக்கத்துலயே லாட் பஜார் வளையல் கடைங்க, ஈரானி சாயா, உஸ்மானியா பிஸ்கட். ஞாயிறு சௌமஹல்லா பார்த்துட்டு சாயங்கால ரயில். அத்தைக்கு பிர்லா மந்திர். அதுக்கு மேல ஒன்னு, ஜனவரி 1-ல இருந்து பிப்ரவரி 15 வரைக்கும் நாம்பள்ளில நுமாயிஷ்னு பொருட்காட்சி, நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி, ராத்திரில அங்க ஒரு சுத்து. ஸ்டேஷன் பக்கத்துலயே மெட்ரோ, ஆனா சார்மினாருக்கும் கோல்கொண்டாவுக்கும் மெட்ரோ கிடையாது, ஆட்டோ தான்.

தங்கறதுக்கு வீட்டுக்காரரோட சித்தப்பா பொண்ணு மியாப்பூர்ல இருக்கா, அங்கயே தங்கலாமேன்னாரு. செலவு மிச்சம்தான், மெட்ரோவும் நேரா நாம்பள்ளிக்கு வருது. ஆனா சொந்தக்காரங்க வீட்ல தங்கினா காலைல டிபன் சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க, பத்தரை ஆயிடும், சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்கன்னு போன் வரும், ஒரு நாளைக்கு ரெண்டு எடம் பார்த்தா பெருசு. நாம்பள்ளி, அபிட்ஸ் பக்கம் சுமாரான லாட்ஜ் போதும், அவங்க வீட்டுக்கு ஒரு வேள சாப்பிட போவோம். பேக்கேஜ் டூர பத்தி யோசிக்கவே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிராவல்ஸ்ல மைசூர் போனோம், அரண்மனைக்கு முக்கா மணி, பட்டுப் புடவை கடைக்கு ஒன்றரை மணி.

சாப்பாட்ட பத்தி சொல்லாம விட முடியாது. அத்தை சைவம், நாங்க மூணு பேரும் அப்படி இல்ல. டெல்லில சப்பாத்தி பருப்புன்னு ஒப்பேத்தலாம், ஹம்பில ஒரு சாதாரண தாலி கிடைக்கும், ஹைதராபாத்ல அத்தைக்கு கோங்குரா போட்ட ஆந்திரா சாப்பாடு, எங்களுக்கு பிரியாணி, ஒரே தெருவுல ரெண்டும். இதுல பையன் கொஞ்சம் இளகினான், ஐநூறு வருஷ கல் ரதத்த பிரியாணிக்கு வித்துட்டியேடான்னு அவங்கப்பா கேட்டாரு. அப்புறம் கோல்கொண்டா கதைய நான் எடுத்து விட்டேன். கீழ வாசல்ல நின்னு கை தட்டினா மேல உச்சில கேக்கும், எதிரி வந்தா தெரியறதுக்காக கட்டினது. 1687-ல ஔரங்கசீப் எட்டு மாசம் முற்றுகை போட்டும் பிடிக்க முடியல, கடைசில உள்ள இருந்த ஒரு ஆளே காசு வாங்கிட்டு கதவ தொறந்து விட்டான். கை தட்டி கேக்கற டெஸ்ட் பண்ணனும், நான் மேல நிக்கறேன்னான் பையன். சரி, இவன் ஓட்டு வந்துருச்சு.

அத்தை ஓட்டு வந்தது வேற வழியில. கோல்கொண்டான்னு சொன்னதும், அங்க தானே பத்ராசல ராமதாசர ஜெயில்ல போட்டாங்கன்னு கேட்டாங்க. ஆமா, அதே கோட்டை தான், ராஜா தானிஷா காலத்துல வரி வசூல் பண்ண பணத்துல ராமருக்கு கோயில் கட்டிட்டாருன்னு உள்ள போட்டாங்க, பன்னெண்டு வருஷம்னு சொல்வாங்க, அந்த அறை சுவர்ல அவரு செதுக்கினதா ராமர், லட்சுமணர், சீதை, அனுமார் உருவம் இன்னும் இருக்கு. அத்தை இருபது வருஷமா பஜனை மண்டபத்துல மார்கழி காலைல போய் அவரு கீர்த்தனைய பாடறவங்க. ஒரு நிமிஷம் ஒன்னும் பேசல. அப்புறம் அந்த அறைய பார்க்காம நான் வர மாட்டேன்னுட்டாங்க. மலை மந்திர்லாம் அப்பவே மறந்து போச்சு.

டிக்கெட் 60 நாள் முன்னாடி காலைல எட்டு மணிக்கு ஓப்பன் ஆச்சு, வீட்டுக்காரர் ஒரு போன், நான் ஒரு போன், போறதுக்கு நாலும் கன்ஃபர்ம், அத்தைக்கு லோயர் பெர்த். வர்றதுக்கும் கிடைச்சுது. ஹம்பிய தசரா லீவுக்கு வச்சிருக்கோம், அப்ப ஒரு வாரம் கிடைக்கும், பெங்களூர்ல ஒரு ராத்திரி தங்கி நிதானமா போகலாம்.

ஒரு விஷயம் அத்தைகிட்ட லேட்டா தான் சொன்னேன். அந்த அறை கோட்டை அடிவாரத்துல இல்ல, மேல ஏறற வழியில நடுவுல இருக்கு, உச்சி வரைக்கும்னா 360 படின்னு சொல்றாங்க, அவ்ளோ தூரம் ஏற வேண்டாம், ஆனா கொஞ்சமாவது ஏறித்தான் ஆகணும். கேட்டுட்டு ம்ம்னாங்க. மறுநாள் சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வர்றேன், அத்தை எங்க அபார்ட்மெண்ட் மாடிப்படில கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வராங்க. எங்க போயிட்டு வரீங்கன்னு கேட்டேன். மொட்டை மாடிக்கு 54 படி இருக்கு, இன்னிக்கு ரெண்டு தடவ, அடுத்த வாரம் மூணு தடவன்னாங்க.